பழைய ஆர்எக்ஸ்-7 காருக்கு 13பி எஞ்சின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஸ்டா 1978 முதல் 1985 வரை தயாரித்த முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து 12ஏ எஞ்சினை இறக்கிவிட்டு, அதே ரோட்டரி குடும்பத்தில் ஒரு சுற்று பெரிய 13பி எஞ்சினை ஏற்றுவது பற்றிய கேள்விகள் இவை. அமெரிக்காவில் விற்ற கார்களை மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். என் கொட்டகையில் நிற்பதும் அப்படி ஒரு 1982 மாடல்தான்.

ரோட்டரி எஞ்சின் என்றால் என்ன? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. இடுப்பு லேசாக ஒடுங்கிய முட்டை வடிவ அறைக்குள் முக்கோண ரோட்டார் ஒன்று உருண்டு சுழலும். அதன் மூன்று முகங்களிலும் உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் அடுத்தடுத்து நடக்கும். ரோட்டார் ஒரு சுற்று வந்தால் நடுவிலுள்ள எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் மூன்று சுற்று வந்துவிடும். ஃபெலிக்ஸ் வாங்கெலின் யோசனை இது. ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்தில் 1957-இல் முதல் மாதிரி ஓடியது. ஆனால் விடாப்பிடியாக அதை வளர்த்தது ஹிரோஷிமாவின் மஸ்டாதான்: 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட், 1991-இல் நான்கு ரோட்டார் 787பி காரில் லெ மான் 24 மணி நேரப் பந்தய வெற்றி. இரண்டு வரி கேட்டீர்கள், கொஞ்சம் நீண்டுவிட்டது.

12ஏ-க்கும் 13பி-க்கும் என்ன வித்தியாசம்?

ரோட்டாரின் தடிமன். 12ஏ-இல் 70 மில்லிமீட்டர், 13பி-இல் 80. மற்ற அடிப்படை அளவுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அந்த 10 மில்லிமீட்டரால் ஒரு ரோட்டாரின் கொள்ளளவு 573 சிசியிலிருந்து 654 சிசியாக ஏறுகிறது. இரண்டு ரோட்டாருக்கு 1146 சிசி, 1308 சிசி.

இதை வேறு மாதிரியும் பாருங்கள்: பெரிய எஞ்சின் சின்ன எஞ்சினைவிட வெறும் 20 மில்லிமீட்டர்தான் நீளம், அதாவது ஒரு கட்டைவிரல் அகலம். பானெட்டுக்குள் இடம் போதுமா என்ற கவலை இந்த மாற்றத்தில் பெரிதாக இல்லாததற்கு அதுதான் காரணம். உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. சூட்டைப் பற்றிய கேள்விக்கு வரும்போது சொல்கிறேன்.

எந்த 13பி-ஐ வாங்குவது?

முதலில் காரை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் ஓட்டவா, பந்தயத் தடத்துக்கா, தினமும் வேலைக்குப் போகவா? என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் இதற்குப் பதில் சொல்லாமல் நேரே டர்போவுக்குப் போய்விடுகிறார்கள்.

சாலைக்கு என்றால் என் முதல் தேர்வு 1984-85 ஜிஎஸ்எல்-எஸ்இ மாடலில் வந்த 13பி. மஸ்டாவே இதே உடம்புக்குள் வைத்து விற்ற எஞ்சின் அது. அமெரிக்க 12ஏ சுமார் 100 குதிரைசக்தி, இது 135. ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வேறு. எல்லாம் தன் இடத்தில் உட்காரும். ஆனால் முழுதாகக் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் பலர் கைபட்டதாக இருக்கும்.

அடுத்தது, இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7-இன் டர்போ இல்லாத 13பி. 1986-88 மாடல்களில் 146 குதிரைசக்தி, 1989-91 மாடல்களில் 160. இதுதான் எளிதில் கிடைக்கும், உதிரி பாகங்களும் உண்டு. இந்த எஞ்சின்களில் ஆறு இன்டேக் துளைகள். கடைசி இரண்டும் வேகம் ஏறும்போதுதான் திறக்கும். 1988 வரையான எஞ்சினில் அவற்றைத் திறந்துவிடுவது சைலன்சர் பக்கத்துப் பின்னழுத்தம். அடுத்து வந்ததில் ஏர் பம்ப்பின் காற்று. இது தெரியாமல் ஃப்ரீயாக ஊதும் சைலன்சரைப் போட்டுவிட்டு, மேல் ஆர்பிஎம்மில் இழுக்கவில்லையே என்று புலம்புபவர்கள் நிறைய.

பழைய எஞ்சின் வாங்கும்போது எப்படிச் சோதிப்பது?

கேட்டுப் பாருங்கள். நிஜமாகவே காதால் கேட்பதுதான்.

கீழ் ப்ளக் ஒன்றைக் கழற்றிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். துளையிலிருந்து ‘புஸ், புஸ், புஸ்’ என்று மூன்றும் ஒரே சீராக வரவேண்டும். ஒவ்வொரு புஸ்ஸும் ரோட்டாரின் ஒரு முகம். ‘புஸ், புஸ், ...’ என்று மூன்றாவது இடம் காலியாக இருந்தால் அந்த முகத்தில் சீல் போய்விட்டது. தொடர்ந்து இரண்டு பலவீனமாக இருந்தால், அந்த இரண்டு முகங்களும் சேரும் முனையிலுள்ள அபெக்ஸ் சீல் உடைந்திருக்கலாம்.

எண்ணாக வேண்டும் என்றால் ரோட்டரிக்கென்றே உள்ள மீட்டர் தேவை. சாதாரண கம்ப்ரெஷன் மீட்டர் மூன்றில் பெரியதை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு நம்மை ஏமாற்றும். 250 ஆர்பிஎம் சுழற்சியில் ஒவ்வொரு முகமும் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோவுக்குக் குறையக் கூடாது. அதாவது சுமார் 85 பிஎஸ்ஐ. முகங்களுக்குள் வித்தியாசம் 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது.

பிரித்து வைத்த எஞ்சின் என்றால், ரோட்டார் சுழலும் அறையான ஹவுசிங்கின் உள்சுவரை நகத்தால் வருடிப் பாருங்கள். குரோம் பூச்சு உரிந்திருந்தால் விளிம்புப் பக்கம் நகம் தட்டும். 1960-களில் இதே சுவரில் அலை அலையாகக் கீறல் விழுந்துதான் மஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோ குழுவுக்குத் தூக்கம் போனது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பிசாசின் நகக்கீறல்’. ஹவுசிங் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் செலவு மட்டுமே. ஹவுசிங் போயிருந்தால் விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்கிய எஞ்சின் அப்படியே உட்காருமா?

ஜிஎஸ்எல்-எஸ்இ எஞ்சின் உட்காரும். இரண்டாம் தலைமுறை எஞ்சின் உட்காராது. பழைய காரில் எஞ்சின் மவுண்ட் பிடிப்பது முன் கவரில். பிந்தைய எஞ்சினில் அது இரண்டு ரோட்டாருக்கும் இடையிலுள்ள நடு இரும்புத் தட்டுக்குப் போய்விட்டது. ஆகவே உங்கள் 12ஏ-யின் முன் கவரையும் ஆயில் பேனையும் கழற்றி 13பி-க்குப் போட்டுக்கொள்வதுதான் வழக்கமான வழி. முன் கவரைக் கழற்றும் அன்று அதற்குள் இருக்கும் ஆயில் வழியின் சின்ன ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள். டீக்காசு விலை. அது நசுங்கினால் ஆயில் பிரஷர் போகும், பின்னாலேயே பேரிங்கும் போகும்.

இன்டேக் மேனிஃபோல்டின் உயரத்தைப் பானெட் மூடி ஒருமுறை பார்த்துவிடுங்கள். களிமண் உருண்டை ஒன்றை மேலே வைத்து மூடித் திறந்தால் எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துவிடும்.

பழைய ஃப்ளைவீலையே போடலாமா?

கூடாது. நான் போட்டேன், அதனால் சொல்கிறேன்.

பிஸ்டன் எஞ்சினில் ஃப்ளைவீல் தனியாகச் சமன் செய்யப்பட்ட வட்டத் தட்டு. மஸ்டா ரோட்டரியில் மேனுவல் கியர் ஃப்ளைவீலிலேயே ஒரு பக்கம் எதிர் எடை வார்க்கப்பட்டிருக்கும். அந்த எடை அந்த எஞ்சினின் ரோட்டார் எடைக்கு மட்டுமே கணக்குப் போட்டது. ரோட்டார் மாறினால் கணக்கும் மாறும். முன்பக்க எதிர் எடைக்கும் இதே கதை.

என் 12ஏ ஃப்ளைவீல் புதிதாக மெருகேற்றியது, கிளட்ச் தட்டும் புதுசு. ‘போல்ட் சேருதே, போடு’ என்றார் உதவிக்கு வந்த நண்பர். வண்டி ஸ்டார்ட் ஆனது, ஐடிலில் ஒன்றும் தெரியவில்லை. 3000-ஐத் தாண்டியதும் கியர் நாப் விரலுக்குள் கூசியது. 4000-இல் பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. மறுபடியும் கியர்பாக்ஸ் இறக்க ஒரு முழு வாரக்கடைசி. ஃப்ளைவீல் நட்டு 54 மில்லிமீட்டர், 400 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கியது. ஸ்பேனரில் ஆளுயரக் குழாயைச் செருகி இரண்டு பேர் தொங்கினோம்.

எஞ்சினோடு அதன் ஃப்ளைவீலையும் சேர்த்தே வாங்குங்கள். இல்லையென்றால் அந்த ஆண்டு ரோட்டாருக்குப் பொருந்தும் ஆட்டோமேட்டிக் கார் எதிர் எடையை வாங்கி, அதன்மேல் இலகுவான ஃப்ளைவீல் பொருத்தலாம்.

ரோட்டரி சூடாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எஞ்சினுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்களோ, ஏறக்குறைய அதே அக்கறையைக் குளிர்விப்பதற்கும் ஒதுக்க வேண்டும்.

பிஸ்டன் எஞ்சினில் ஒரே சிலிண்டருக்குள் குளிர்ந்த காற்றும் வரும், நெருப்பும் எரியும். சூடு ஓரளவு பரவிவிடும். ரோட்டரியில் நெருப்பு எப்போதும் ப்ளக் இருக்கும் அதே பக்கத்தில்தான். எதிர்ப்பக்கம் எப்போதும் புதுக்காற்று. ஒரே ஹவுசிங்கில் ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் திண்ணை. அலுமினிய ஹவுசிங்கும் இரும்புத் தட்டும் வெவ்வேறு அளவு விரியும். நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குவது தண்ணீர் சீல். ஒரே ஒரு முறை நன்றாகக் கொதிக்கவிட்டால் போதும், அந்த சீல் போய்விடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி, தண்ணீர் குறைந்துகொண்டே போவது எல்லாம் அதன் அடையாளம். அப்புறம் எஞ்சினை முழுதாகப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

முதலில் ஆயில் கூலர். ரோட்டாரின் உள்பக்கத்தைக் குளிர்விப்பது தண்ணீர் அல்ல, ஆயில். எஞ்சின் வெளித்தள்ளும் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு ஆயில் வழியாகப் போகிறது என்று சொல்வது வழக்கம். 1982 வரையான கார்களில் முன்னால் காற்றுபட நிற்கும் நல்ல கூலர் உண்டு. 1983-85 12ஏ கார்களில் அதை எடுத்துவிட்டு, ஆயில் ஃபில்டருக்கு அடியில் தேன்கூடு போன்ற ஒரு டப்பாவை வைத்தார்கள். ரேடியேட்டர் தண்ணீரே அதில் ஆயிலைக் குளிர்விக்கும். 13பி போடப் போகிறீர்களென்றால் அதைக் கழற்றிவிட்டு முன் கூலருக்கு மாறுங்கள். இதில் பேரம் வேண்டாம்.

அடுத்தது தெர்மோஸ்டாட். நம்மூர்ப் பட்டறைகளில் வண்டி சூடானால் முதல் வைத்தியம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. இங்கே அந்த வைத்தியமே நோய். ரோட்டரியின் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு ஒரு பைபாஸ் துளையை அடைக்கும். அதை எடுத்துவிட்டாலோ, அடித்தட்டு இல்லாத பொதுரகத்தைப் போட்டாலோ, தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் உள்ளேயே சுற்றும்.

பிறகு ரேடியேட்டரைச் சுற்றியுள்ள தகடுகள். ஃபேன் ஷ்ரவுடும் பம்பருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டும் அழகுக்கு வைத்தவை அல்ல. அவை இல்லையென்றால் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் கத்தும் பஸ்ஸர் வயரை, தொந்தரவு என்று துண்டித்துவிடாதீர்கள். கத்தட்டும்.

கார்புரேட்டரா, இன்ஜெக்ஷனா?

ரோட்டரிக்காரர்கள் சண்டை போடும் விஷயம் இது. ரெட்டைத் தொண்டை வெபர் 48 கார்புரேட்டர் போட்டால் சத்தம், எளிமை, பானெட்டைத் திறந்தால் அழகு எல்லாம் கிடைக்கும். பெட்ரோல் பம்ப்பும் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்தால் போதும். இன்ஜெக்ஷனுக்கு சுமார் 2.5 பார் தரும் பம்ப், தாங்கும் குழாய், ஈசியூ என்னும் கட்டுப்பாட்டுக் கணினி, வயரிங் எல்லாம் வேண்டும். 12ஏ காரின் டேங்கில், திருப்பத்தில் பெட்ரோல் ஒதுங்கினால் பம்ப் காற்றை இழுக்கும். ஆகவே பக்கத்தில் ஒரு சின்ன சர்ஜ் டேங்கும் தேவை.

இருந்தாலும் நான் இன்ஜெக்ஷன் கட்சி. ரோட்டரிக்குப் பரம எதிரி, பெட்ரோல் குறைந்த கலவையில் வரும் நாக்கிங், அதாவது கலவை தாறுமாறாக வெடிப்பது. பிஸ்டன் எஞ்சின் ஓரிரு நாக்கிங்கைத் தாங்கும். இங்கே 1986 முதல் வந்த அபெக்ஸ் சீலின் தடிமன் 2 மில்லிமீட்டர். அது உடைந்தால் துண்டு எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போகும்போது ஹவுசிங்கையும் கீறிக்கொண்டு போகும். கலவையை எண்ணாகப் பார்த்துத் திருத்தும் வசதி ஈசியூவில் இருக்கிறது. கார்புரேட்டர்தான் வேண்டும் என்றால் குறைந்தபட்சம் கலவையை அளந்து காட்டும் வைட்பேண்ட் சென்சார் ஒன்றையாவது மாட்டுங்கள்.

லீடிங், ட்ரெய்லிங் ப்ளக் என்பது?

ஒவ்வொரு ரோட்டாருக்கும் இரண்டு ப்ளக். கீழே இருப்பது லீடிங், முதலில் எரியும். மேலே இருப்பது ட்ரெய்லிங், சற்றுப் பின்னால். வயர்களை மாற்றி மாட்டினாலும் சில சமயம் வண்டி ஓடும், அதுதான் ஆபத்து. டேப் ஒட்டி எழுதிவிட்டுக் கழற்றுங்கள்.

ஆயில் குடிக்குமாமே?

குடிக்கும், குடிக்க வேண்டும். அபெக்ஸ் சீல் உராயாமல் இருக்க, மீட்டரிங் பம்ப் ஒன்று சம்ப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை எடுத்து எரியவிடுகிறது. யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல, அந்த ஆட்டோலூப்பின் பெரியப்பா மகன்தான் இது. (இரண்டும் ஆர்எக்ஸ் என்பது தற்செயல்.) மீட்டரிங் பம்ப்பைக் கழற்றிவிட்டால், யெஸ்டிக்குப் போட்டது மாதிரி பெட்ரோலிலேயே 2டி ஆயில் கலக்க வேண்டும். 10 லிட்டருக்கு 100 மில்லி என்பது பலர் பின்பற்றும் அளவு. பம்ப் வேலை செய்தாலும் கொஞ்சம் கலப்பவர்கள் உண்டு, நானும் கலக்கிறேன். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள்.

கியர்பாக்ஸ், பின் அச்சு, பிரேக்?

டர்போ இல்லாத 13பி-க்கு உங்கள் 12ஏ கியர்பாக்ஸ் பொருந்தும், சாந்தமாக ஓட்டினால் தாங்கும். ஜிஎஸ்எல்-எஸ்இ-யின் பின் அச்சும் பிரேக்கும் பலமானவை. முன்னால் காற்றோட்ட டிஸ்க், நான்கு சக்கரத்திலும் டிஸ்க். ஆனால் அதன் வீல் போல்ட் வட்டம் 114.3 மில்லிமீட்டர், மற்ற முதல் தலைமுறை கார்களுக்கு 110. பின்னால் மட்டும் மாற்றினால் முன்னும் பின்னும் வெவ்வேறு வீல் தேவைப்படும். ஸ்டெப்னி எதற்கு என்று அப்புறம் யோசித்துக்கொண்டு நிற்பீர்கள்.

டர்போ 13பி?

182 அல்லது 200 குதிரைசக்தி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெரிய கியர்பாக்ஸ், அதற்கேற்ப வெட்டி ஒட்டிய புரொப்பெல்லர் ஷாஃப்ட், இன்டர்கூலர், இன்னும் பெரிய ரேடியேட்டர், வேறு பின் அச்சு, வேறு பிரேக். காரின் பாதியை மாற்றுகிறீர்கள். முதல் மாற்றமாக இதை எடுக்காதீர்கள்.

மஸ்டாவின் பிந்தைய ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-8-இன் எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறதே?

ஏன் மலிவு என்று கேளுங்கள். அமெரிக்காவில் மஸ்டா இந்த எஞ்சினின் உள்பாகங்களுக்கான வாரண்டியை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று நீட்டிக்க வேண்டி வந்தது. நல்ல எஞ்சின்தான், 10:1 கம்ப்ரெஷன், எக்ஸாஸ்ட் துளையும் பக்கவாட்டில். ஆனால் எலக்ட்ரானிக் த்ராட்டில், இம்மொபிலைசர் என்று காரோடு பின்னிப் பிணைந்தது. வயரிங்கில் கைதேர்ந்தவராக இருந்து, கம்ப்ரெஷனும் தேறினால் பாருங்கள்.

பேசாமல் ஒரு வி8 (எட்டு சிலிண்டர் பிஸ்டன் எஞ்சின்) போட்டால் என்ன?

போடலாம். போட்டவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். இது அவர்களுக்கான பக்கம் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

கலிஃபோர்னியாவில் 1975 வரையான மாடல்களுக்கு ஸ்மாக் என்னும் புகைச் சோதனை கிடையாது. ஆர்எக்ஸ்-7 அதற்குப் பிறகு வந்தது, ஆகவே தப்ப முடியாது. மாற்றும் எஞ்சின் காரின் மாடல் ஆண்டுக்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும். அதன் மாசுக் கட்டுப்பாட்டு உறுப்புகள் எல்லாம் கூடவே வரவேண்டும். ரெஃப்ரீ என்னும் சோதனை அதிகாரியிடம் காட்டி ஒட்டுவில்லை வாங்க வேண்டும். ஜிஎஸ்எல்-எஸ்இ எஞ்சினை நான் முதலில் சொன்னதற்கு இதுவும் காரணம். வெபர் போட்டால் சாலையில் கணக்கு முடிந்தது.

இந்தியாவில் இதே ஆசை இருப்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது. எஞ்சின் மாற்ற ஆர்டிஓ-வின் முன் அனுமதி வேண்டும். வேலையை முடித்துவிட்டுக் காகிதத்துக்கு அலையாதீர்கள்.

மைலேஜ்?

லிட்டருக்கு 6 முதல் 8 கிலோமீட்டர். இதற்காக யாரும் ரோட்டரி வாங்குவதில்லை.

முதல் ஸ்டார்ட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

பெட்ரோல் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, ப்ளக் இல்லாமல் ஆயில் பிரஷர் ஏறும்வரை செல்ஃப் அடியுங்கள். அப்புறம்தான் ப்ளக். ஸ்டார்ட் ஆகாமல் பெட்ரோல் நாற்றம் வந்தால் எஞ்சின் நனைந்துவிட்டது. தொடர்ந்து அடித்துப் பேட்டரியைக் கொல்லாதீர்கள். மறுபடி ஃப்யூஸ், ப்ளக் கழற்றல், ஊதவிடல், ஒவ்வொரு ரோட்டாருக்கும் ஒரு டீஸ்பூன் ஆயில். பிடித்துக்கொண்டதும் தெருவே புகையாகும். பக்கத்து வீட்டில் முன்பே சொல்லி வைப்பது நல்லது. ஸ்டார்ட் ஆன வண்டியை ஒரு நிமிடத்தில் அணைத்து நகர்த்தி நிறுத்துவதையும் தவிருங்கள். குளிரில் அப்படி அணைத்தால் அடுத்த முறை நனைந்துதான் கிடக்கும்.

கழற்றிய 12ஏ-ஐ என்ன செய்வது? விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். நல்ல 12ஏ ஹவுசிங் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. ப்ளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, துளைகளையும் போர்ட்டுகளையும் அடைத்து, ஈரம் படாத மூலையில் மரப்பலகைமேல் வையுங்கள். மாதம் ஒருமுறை முன்பக்க போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள். என்னுடையது கொட்டகையில் பழைய போர்வைக்குள் இருக்கிறது. சுற்றும்போது இப்போதும் மூன்று புஸ்ஸும் சீராக வருகின்றன.